தலைக்காயமும் இழப்பீடும்: வெளியில் தெரியாத காயத்துக்குச் சான்று

சாலை விபத்தில் தலையில் அடிபட்டு நம் மருத்துவமனைக்கு வருவோரின் குடும்பத்தார் முதல் வாரத்தில் கேட்பது ஒன்றே: உயிர் பிழைப்பாரா? இரண்டாம் மாதத்தில் கேள்விகள் மாறிவிடுகின்றன. பழைய வேலைக்குத் திரும்ப முடியுமா, வாங்கிய கடனை எப்படி அடைப்பது, மோதிய வண்டிக்குக் காப்பீடு இருந்ததாமே, அதிலிருந்து ஏதேனும் கிடைக்குமா என்று எங்கள் மறுவாழ்வுப் பிரிவில் யாரேனும் கேட்காத நாளில்லை. நாங்கள் வழக்கறிஞர்கள் அல்லர். ஆயினும் இழப்பீட்டு வழக்கின் வலிமை பெரும்பாலும் மருத்துவமனையில் உருவாகும் பதிவுகளைச் சார்ந்தே நிற்பதால், எங்களுக்குத் தெரிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

கால் எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே காட்டிவிடும். நொண்டி நடப்பதை நீதிபதியே காண்பார். மூளைக்காயம் அப்படிப்பட்டதன்று. தலைத் தையல் ஆறி, முடியும் வளர்ந்த பின், அவர் நீதிமன்றத்துக்குள் நேராக நடந்து வருவார். பெயரும் ஊரும் சரியாகச் சொல்வார். காலையில் உண்டது மாலையில் நினைவிராது என்பதோ, கடைக்கு அனுப்பினால் பாதி வழியில் எதற்கு வந்தோம் என்று நிற்பார் என்பதோ, முன்பு அதிர்ந்து பேசாதவர் இப்போது சிறு சத்தத்துக்கும் தட்டை வீசுகிறார் என்பதோ அங்கே தெரியாது. லேசான காயங்களில் சி.டி. ஸ்கேன்கூடக் குறையின்றி இருக்கலாம். மூளையின் முன்பகுதி அடிபட்டவர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு: தம்மிடம் உள்ள குறையைத் தாமே உணரமாட்டார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவர் கேட்டால், “எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்” என்பார்கள். அது பொய்யன்று, நோயின் ஒரு கூறு. ஆனால் அந்த ஒரு வாக்கியம் வழக்கைச் சாய்த்துவிடக்கூடும்.

சட்டம் சொல்வதைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவின்படி, விபத்து நடந்த இடத்திலோ, மனுதாரர் வசிக்கும் இடத்திலோ, எதிர்த்தரப்பினர் வசிக்கும் இடத்திலோ உள்ள விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். சென்னையில் சிறுவழக்குகள் நீதிமன்றம் இப்பணியைச் செய்கிறது. காயமுற்றவர் தாமே முடிவெடுக்கும் நிலையில் இல்லையெனில், அவர் சார்பில் மனைவியோ பெற்றோரோ வழக்குத் தொடுக்க நீதிமன்றம் அனுமதிக்கும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, விபத்து நடந்து ஆறு மாதங்களுக்குள் மனு செய்ய வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. இந்த வரம்பு உச்ச நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டுள்ளது. ஆதலால் காலம் கடந்துவிட்டவர்களும் வழக்கறிஞரைக் கேட்காமல் கைவிட வேண்டாம்.

மருத்துவ நோக்கில் இந்த ஆறு மாதம் மிகவும் குறுகியது. மூளை தேறுவது ஓராண்டு, ஈராண்டு என நீளும். எது நிலைத்த குறை, எது மறையும் குறை என ஆறாம் மாதத்தில் எங்களாலும் உறுதியாகச் சொல்ல இயலாது. “முழுதாகத் தேறட்டும், பிறகு பார்க்கலாம்” என்று காத்திருக்கும் குடும்பங்களிடம் நாங்கள் சொல்வது இதுதான்: மனுவை முதலில் கொடுத்துவிடுங்கள், நிலையான குறைபாட்டை அளவிட்டுச் சான்று அளிப்பதை விசாரணையின்போது செய்துகொள்ளலாம்.

அந்தச் சான்றிதழில் வரும் சதவீதத்தைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். உடற்குறையின் சதவீதம் வேறு, வருமான இழப்பின் சதவீதம் வேறு என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவுபடுத்தியது. இடக்கையை இழந்த ஓட்டுநருக்கோ தச்சருக்கோ வருமானம் ஏறத்தாழ முழுவதுமாகப் போய்விடும். அரசு அலுவலக எழுத்தருக்கு அப்படியன்று என அத்தீர்ப்பே எடுத்துக்காட்டுத் தருகிறது. தலைக்காயத்துக்கு இது இன்னும் பொருந்தும். முகரும் திறனை மட்டும் இழந்தவர் பார்வைக்கு முழு நலத்துடன் இருப்பார். அவர் சமையல்காரராக இருந்தால்?

கணக்காகப் பார்த்தால் இதன் எடை விளங்கும். 34 வயதுக் கணக்கர் ஒருவர் மாதம் 18,000 ரூபாய் ஈட்டியதாகக் கொள்வோம். ஆண்டு வருமானம் 2,16,000. அவர் வயதுக்குரிய பெருக்கெண் 16. வருமானத் திறன் இழப்பு 20 சதவீதம் என்றால் 6,91,200 ரூபாய். 50 சதவீதம் என்றால் 17,28,000 ரூபாய். எதிர்கால ஊதிய உயர்வை இதில் சேர்க்கவில்லை. காயம் ஒன்றே, எண்களை நினைவில் வைக்க முடியாத ஒருவரால் கணக்கு எழுத இயலாது என்பது நிறுவப்பட்டதா இல்லையா என்பதில்தான் பத்து லட்சத்துக்கு மேல் வேறுபாடு.

வீட்டார் மறந்துவிடும் இன்னொரு தொகை, பராமரிப்பவருக்கானது. ஹரியானாவில் மூளைக்காயமுற்ற 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2020இல் இரு பணியாளருக்கு மாதம் தலா 5,000 ரூபாய் வீதம் 18 ஆண்டுப் பெருக்கெண்ணால் கணக்கிட்டு, அதற்கு மட்டும் 21,60,000 ரூபாய் வழங்கியது. தாயோ மனைவியோ ஊதியமின்றிச் செய்யும் பணிக்கும் விலையுண்டு. வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்கிறவர்கள் அதை வழக்கறிஞரிடம் கூசாமல் சொல்ல வேண்டும்.

ஆகவே ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். தேதியிட்டு நாலு வரி போதும்: “அடுப்பை அணைக்க மறந்தார்”, “ஒரே கேள்வியை ஐந்து முறை கேட்டார்”, “பகல் முழுதும் உறங்கினார்”. “மிகவும் மாறிவிட்டார்” என்ற பொதுச்சொல்லால் பயனில்லை. பரிசோதனைக்கு வரும்போது அதை எங்களிடம் காட்டுங்கள். எங்கள் குறிப்பில் ஏறினால் அது மருத்துவப் பதிவாகிறது. நினைவு, கவனம், திட்டமிடல் ஆகியவற்றை அளக்கும் நரம்பியல் உளவியல் சோதனையையும் கேட்டுப் பெறுங்கள். சிகிச்சை அளிக்காதவர் தந்த சான்றிதழைத் தீர்ப்பாயங்கள் ஐயத்துடன் பார்க்கும். எனவே வெளியில் விலைக்கு வாங்கித் தருவதாகச் சொல்வோரை அணுக வேண்டாம். சாட்சியம் அளிக்க அழைப்பாணை வந்தால் சிகிச்சை தந்த மருத்துவரே வருவார்.

முதல் தகவல் அறிக்கை, விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படங்கள், மருந்து ரசீதுகள், வாடகை வண்டிச் செலவு, விபத்துக்கு முந்தைய வருமானச் சான்று ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். முதல் நாள் நினைவிழந்த நேரமும் விழிப்புநிலை மதிப்பெண்ணும் பதிவாகியுள்ளனவா என்று பாருங்கள். ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சிகிச்சை பெற்றவர்கள் இழப்பீடு கேட்க முடியாது என்று எண்ண வேண்டாம். அது முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கானது.

இறுதியாக இரண்டு எச்சரிக்கைகள். யார் தவறு என்று நிறுவாமலே கொடுங்காயத்துக்கு 2,50,000 ரூபாய் பெற 164ஆம் பிரிவு வழிசெய்கிறது. சிலருக்கு அது நல்ல வழியே. ஆனால் காப்பீட்டு நிறுவனம் முன்வைக்கும் அத்தொகையை உரிய நடைமுறைப்படி ஏற்றுக்கொண்டால், தீர்ப்பாயத்தில் உள்ள மனு செயலிழந்துவிடும். வாழ்நாள் முழுதும் துணை வேண்டியிருக்கும் ஒருவருக்கு அத்தொகை எத்தனை மாதம் வரும் என்று எண்ணிப் பார்த்துவிட்டே ஒப்புங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் வெற்றுத் தாளில் கையொப்பம் கேட்பவர்களிடம் ஒருபோதும் கொடுக்காதீர்கள். கிடைக்கும் தொகையில் பங்கு என்று கட்டணம் பேச வழக்கறிஞர் மன்ற விதிகள் இடமளிப்பதில்லை. பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞரை அமர்த்தித் தரும். அழைப்பு எண் 15100. மோதிய வண்டி எதுவெனத் தெரியாதவர்களும் ஏமாற வேண்டாம்; கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் தரும் தனித் திட்டம் உண்டு. மருத்துவப் பதிவுகளின் நகல் வேண்டுவோர் அடையாளச் சான்றுடன் எங்கள் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம்.