யூடியூபில் பார்த்த கிளாக் 19 திண்டுக்கல்லில் கிடைக்குமா? துப்பாக்கி லைசென்ஸ் பற்றி தெரிய வேண்டியவை

தினமும் இடுப்பில் வைத்துக்கொள்ள எந்த பிஸ்டல் பெஸ்ட் என்று யூடியூபில் தேடினால், அடிக்கடி கண்ணில் படுவது கிளாக் 19. பெரிசும் இல்லை, சின்னதும் இல்லை, 102 மி.மீ. குழல், 15 தோட்டா. 'ராத்திரி கடையைப் பூட்டிட்டு வசூல் பணத்தோட தனியா வீட்டுக்குப் போறேன், எனக்கு ஒண்ணு கிடைக்குமா?' என்று திண்டுக்கல் வியாபாரி ஒருவர் கேட்டால்?

சுருக்கமான பதில்: கிளாக் கிடைக்காது. வேறு பிஸ்டல் கிடைக்கலாம். ஆனால் உங்களுக்கு ஏன் தேவை என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும்.

ஏன் கிளாக் கிடைக்காது?

அதன் 9 மி.மீ. தோட்டா, போலீஸும் ராணுவமும் பயன்படுத்துவது. ஆயுதச் சட்டம் 1959-ன்படி இது 'தடைசெய்யப்பட்ட' வகை. இதற்கு லைசென்ஸ் தருவது மத்திய உள்துறை அமைச்சகம். அதுவும் உயிருக்குக் கடுமையான ஆபத்து உள்ளவர்கள் போன்ற சிலருக்குத்தான்.

அப்போ எது கிடைக்கும்?

பாயின்ட் 32 வகை. அரசு ஆயுத ஆலைத் தயாரிப்பான 'அஷானி' செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல், 2014-ல் வந்த 'நிர்பீக்' ரிவால்வர் இரண்டும் இதில் அடங்கும்.

யாரிடம் விண்ணப்பிப்பது?

மாவட்ட ஆட்சியரிடம். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும். பயிற்சிச் சான்றிதழ், துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி இரண்டும் வேண்டும். மனுவில் 'பாதுகாப்புக்காக' என்று ஒரு வரி எழுதினால் போதாது. மிரட்டல் வந்து புகார் கொடுத்திருந்தால் அந்த சி.எஸ்.ஆர். நகலையும் இணைப்பது நல்லது. மனு நிராகரிக்கப்பட்டால் காரணம் கேட்கலாம், மேல்முறையீடும் செய்யலாம்.

2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் 5 ஆண்டுகள் செல்லும். ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், முன்பு 3.

கையில் வந்தால் தினமும் எடுத்துப் போகலாமா?

போகலாம், ஆனால் உறையில்தான். பொது இடத்தில் எடுத்துக் காட்டி மிரட்டினாலோ, கல்யாண வீட்டில் ஜாலிக்குச் சுட்டாலோ வழக்கு வரும். தேர்தல் நேரத்தில் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

'லைசென்ஸ் எதுக்கு, நான் வாங்கித் தர்றேன்' என்று யாராவது சொன்னால்?

வேண்டவே வேண்டாம். லைசென்ஸ் இல்லாத சாதாரண வகை துப்பாக்கி வைத்திருந்தாலே 2 முதல் 5 ஆண்டு சிறை. தடைசெய்யப்பட்ட வகை என்றால் 7 முதல் 14 ஆண்டு. பயத்துக்காக வாங்கியது உங்களையே உள்ளே தள்ளிவிடும்.

லைசென்ஸ் வருகிற வரைக்கும் அந்த வியாபாரிக்கு வேறு வழி இல்லையா? இருக்கிறது. வசூலை முடிந்தவரை யு.பி.ஐ.க்கு மாற்றலாம், ரொக்கத்தைப் பகலிலேயே வங்கியில் கட்டலாம், ராத்திரி துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். மிச்சத்துக்கு, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர் பூட்டு இருக்கவே இருக்கு. அதுக்கு லைசென்ஸ் தேவையில்லை!