முதுகும் பாரமும் – 11: வேடன் வளைத்த கிளை

ராணுவ உபரிக் கடையில் பை பொறுக்குகிறவர்கள் துணியை எப்படிப் பரீட்சிக்க வேண்டும் என்பதைச் சென்ற வாரத்தோடு முடித்துவிட்டோம். கித்தானுக்கும் நைலானுக்கும் உள்ள வேற்றுமையைத் தொடர்ந்து படித்துவரும் அன்பர்களுக்கு மறுபடியும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இந்த வாரம் அமெரிக்கச் சேனையின் ‘ஆலிஸ்’ பையை அக்கக்காகப் பிரித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தேன். அந்தப் பையின் உயிர் அதன் சட்டத்தில் இருக்கிறது. சட்டத்தின் பூர்வோத்தரத்தை விசாரித்துக்கொண்டு போனால், அது நார்வே தேசத்து வேட்டைப் பிரியர் ஒருவரின் முதுகுவலியில் கொண்டுபோய் விடுகிறது. ஒரு வாரமாக என் மனத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது அவருடைய விஷயந்தான். ஆகையால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1908-ஆம் வருஷம் ஓலே பெர்கன் என்பவர் வேட்டைக்குப் போயிருந்தார். அக்காலத்து முதுகுப்பை பெரும்பாலும் இரண்டு வார் கோத்த சாக்குத்தான். உள்ளே போட்ட சாமான் அத்தனையும் அடியில் சென்று திரண்டு, பை உருண்டையாகிப் பின்னால் சரிந்து தொங்கும். தொங்குகிற பை தோள்களைப் பின்னுக்கு இழுக்கும். அந்த இழுப்புக்கு ஈடுகொடுக்கச் சுமப்பவன் முன்னால் குனிவான். குனியக் குனிய வார்கள் அக்குளை அறுக்கும். இவ்விதம் நாள் முழுதும் மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து, போதாக்குறைக்குச் சுட்ட மிருகத்தையும் சேர்த்துச் சுமக்கிறவனுடைய அவஸ்தையை அநுபவித்தவர்கள் அறிவார்கள். பெர்கன் ஒரு ஜூனிப்பர் மரக்கிளையை வெட்டி, தம்முடைய முதுகின் வளைவுக்கு இசைய அதை வளைத்து, முதுகுக்கும் பைக்கும் நடுவே வைத்துக் கட்டினார். மறு வருஷமே அந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். கிளையின் இடத்தில் பிற்பாடு எஃகுக் குழாய் வந்தது. பாரம் பையிலிருந்து சட்டத்துக்கு இறங்கி, சட்டத்தின் அடியில் குறுக்கே ஓடும் பட்டையின் வழியாக இடுப்பின் மேற்பாகத்தில் போய் உட்கார்ந்தது. பை முதுகை விட்டு விலகி நின்றதால் நடுவே காற்றுப் புகுந்து வியர்வையும் உலர்ந்தது.

இதைப் படித்துக்கொண்டிருக்கையில்தான் இன்னொரு சங்கதி என் நினைவுக்கு வந்து, கையிலிருந்த புஸ்தகத்தை மூடிவைக்கச் செய்தது. 1991-இல் இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் எல்லையாக நிற்கும் ஆல்ப்ஸ் பனிமலையில், சுமார் 3,200 மீட்டர் உயரத்தில், ஐயாயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன் இறந்துபோன ஒரு மனிதனின் சடலம் உறைந்தபடியே கிடைத்ததல்லவா? ‘ஓட்சி’ என்று இன்று உலகம் அழைக்கிற அந்த மனிதனின் உடைமைகளில் செப்புக் கோடரியைப் பற்றியும் அம்பறாத்தூணியைப் பற்றியும் எல்லோரும் எழுதுகிறார்கள். அவற்றோடு ஹேசல் மரத்துக் கொம்பு ஒன்றும், லார்ச் மரத்துச் சிறு பலகைகள் இரண்டும் கிடந்தன. கொம்பு, கவிழ்த்த ‘ப’ போல, நீளவாக்கில் வளைக்கப்பட்டிருந்தது. இது முதுகுச் சுமையின் சட்டமாயிருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய அபிப்பிராயம். பனியில் நடக்கும் பாதரட்சையின் பகுதி என்று சொல்வோரும் உண்டு. நான் முதற்கட்சியைச் சேர்ந்தவன். அப்படியானால், பெர்கன் காட்டில் நின்று கிளையை வளைத்த அதே காரியத்தை, அவருக்கு ஐம்பது நூற்றாண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்த ஒருவன், அதே விதமான மலையில், அதே விதமான வலியைத் தாங்காமல் செய்திருக்கிறான். இன்று இத்தாலியில், பொல்சானோ நகரத்துக் காட்சிசாலைக்குப் போகிறவர்கள் கோடரியைப் பார்த்த கையோடு அந்தக் கொம்பின் எதிரிலும் சற்று நேரம் நிற்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வேடனுடைய சட்டம் வெகு சீக்கிரத்தில் சேனைகளுக்குப் போயிற்று. இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கர்கள் கொலராடோ மாகாணத்து ஹேல் முகாமில் தங்கள் பத்தாவது மலைப் படையைப் பழக்கியபோது, அந்தச் சிப்பாய்களுக்குக் கொடுத்த ‘ரக்சாக்’ என்ற முதுகுப்பை பெர்கன் வழியில் வந்ததே. அதை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். பசுமை கலந்த காக்கிக் கித்தான். வெளியே மூன்று பாக்கெட்டுகள். முதுகுப்புறத்தில் விரல் பருமனுள்ள எஃகுக் குழாய், மேலே ஒடுங்கி, கீழே வர வர அகன்று, இடுப்பை அணைப்பதுபோல் இருபுறமும் வளைந்து முடிகிறது. அந்த வளைவின் இரு முனைகளுக்கும் நடுவே இழுத்துக் கட்டிய அகலமான பட்டை ஒன்றுதான் உடம்பைத் தொடுகிறது. இத்தனை யுக்தி இருந்தும், அதில் ஏற்றிய பாரம் அந்தப் படையினரை வாட்டியிருக்க வேண்டும். ‘தொண்ணூறு பவுண்டு ரக்சாக்’ என்றே அவர்கள் ஒரு பாட்டுக் கட்டிப் பாடினார்கள். தொண்ணூறு பவுண்டு என்பது நாற்பது கிலோவுக்கு மேல்!

யுத்தம் முடிந்ததும் மலைபோல் குவிந்து கிடந்த சாமான்களை விற்பதற்கென்றே அமெரிக்க சர்க்கார் 1946-இல் ஒரு தனி நிர்வாகத்தை ஏற்படுத்தியது. உபரிக் கடைகள் ஊருக்கு ஊர் முளைத்தன. மலையில் நடக்க ஆசையிருந்தும் அதற்குரிய உபகரணங்களை வாங்க வகையில்லாதிருந்த சாமானிய மக்களுக்கு அந்தக் கடைகள் செய்த உபகாரத்தை நான் மிகவும் பெரிதாக மதிக்கிறேன்.

அவ்விதம் ராணுவப் பையோடு நடந்தவர்களில் முதன்மையாகச் சொல்லத் தக்கவர் பென்சில்வேனியாக்காரரான ஏர்ல் ஷாஃபர். பசிபிக் தீவுகளில் சேனையின் ரேடியோ வேலை பார்த்துத் திரும்பியவர். யுத்தத்துக்கு முன்பே அப்பலாச்சியன் மலைப்பாதையை முழுதும் நடந்து தீர்ப்பதென்று அவரும் அவருடைய பால்ய நண்பரும் பேசி வைத்திருந்தார்கள். அந்த நண்பர் இவோ ஜிமா தீவில் மாண்டுபோனார். 1948 ஏப்ரல் 4-ஆம் தேதி ஜார்ஜியாவில் ஷாஃபர் தனியே புறப்பட்டார். ஆகஸ்டு 5-ஆம் தேதி மெய்ன் மாகாணத்துக் கட்டாடின் சிகரத்தில் நின்றார். இரண்டாயிரம் மைலுக்கு மேற்பட்ட அந்தப் பாதையை ஒரே மூச்சில் ஒருவர் நடந்து முடித்ததாகப் பதிவானது அதுவே முதல் தடவை. பாதையைப் பராமரிக்கும் சங்கத்தார் முதலில் நம்பவில்லை; அவருடைய நாட்குறிப்பையும் படங்களையும் பார்த்த பிறகே ஒப்புக்கொண்டார்கள். பட்டாளத்து நினைவுகளை உடம்பிலிருந்து நடந்தே போக்கிக்கொள்ள வேண்டும் என்று கிளம்பிய அந்த மனிதரின் முதுகில் இருந்தது மேலே வர்ணித்த அதே மலைப்படை ரக்சாக். கூடாரம் பாரமென்று வழியிலேயே விட்டுவிட்டு, மழைப் போர்வையைக் கொண்டு சமாளித்தார். பையை மட்டும் விடவில்லை. ஐம்பது வருஷம் கழித்து, 1998-இல், எழுபத்தொன்பதாவது வயதில் அதே பாதையை மறுபடியும் நடந்து முடித்தார் என்பதையும் இங்கே சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு மாறான திருஷ்டாந்தம் ஒன்றும் உண்டு. 1955-இல் எம்மா கேட்வுட் என்ற அறுபத்தேழு வயதுப் பாட்டியார் அதே பாதையை நடந்து முடித்தபோது, டெனிம் துணியில் தாமே தைத்த ஒரு பையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு போனார். சட்டமும் இல்லை, பட்டையும் இல்லை. ஆகவே, கொஞ்சமாகச் சுமக்கிறவர்களுக்குச் சட்டம் அவசியமில்லை; பாரம் கூடக் கூடத்தான் அது இன்றியமையாததாகிறது. ஒருநாள் நடைக்கு உபரிக் கடையின் பெரிய சட்டப் பையை வாங்குகிறவர்கள் காரணமின்றி இரும்பைச் சுமக்கிறார்கள் என்பதே என் தீர்மானமான அபிப்பிராயம்.

இனி ஆலிஸுக்கு வருகிறேன். 1973 ஜனவரியில் அமெரிக்கச் சேனை ஏற்றுக்கொண்ட இந்தப் பையின் சட்டம் அலுமினியக் குழாயால் ஆனது. அதன் அடியில், இடுப்புக்குச் சற்று மேலே பொருந்துமாறு ஒரு மெத்தை தைத்திருக்கிறார்கள். அகலமான இடுப்புப்பட்டையால் பாரத்தை எலும்பின்மேல் ஏற்றுவது எவ்வளவு சுகம் என்பதைக் கலிபோர்னியாவில் டிக் கெல்ட்டி இருபது வருஷத்துக்கு முன்பே கண்டுகொண்டிருந்தார். மலையேறும்போது சட்டத்தின் கீழ்முனைகளைத் தம் கால்சட்டையின் பின் பாக்கெட்டுகளில் செருகிப் பார்த்து, தோளின் பாரம் சட்டென்று இடுப்புக்கு இறங்கியதை உணர்ந்தாராம். அப்படியிருக்க, சேனை ஏன் மெல்லிய ஒரு வாரோடு நிறுத்திக்கொண்டது? சிப்பாயின் இடுப்பு ஏற்கெனவே குண்டுப் பைகளும் தண்ணீர்க் குப்பியும் தொங்கும் பட்டைக்கு ஒப்படைக்கப்பட்டுவிட்டது. அதற்கு மேல் இன்னொரு அகலப் பட்டைக்கு அங்கே இடமில்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் பையை உதறிவிட்டுத் தரையில் படுக்கவும் வேண்டும். அதற்காகவே தோள்வாரில் ஒரே இழுப்பில் அவிழும் பூட்டை வைத்தார்கள். குண்டுப் பையில்லாமல் மலையில் நடக்கிறவருக்கு இந்த நிர்ப்பந்தம் எதுவும் கிடையாது. ஆகவே, ஆலிஸை வாங்குகிறவர் அதன் துணிக்காகவும் சட்டத்துக்காகவும் வாங்கலாம்; இடுப்புப்பட்டையை மாற்றியே தீரவேண்டும்.

அந்த மாற்றத்தை எவ்விதம் செய்வது, ஆலிஸுக்குப் பின் அமெரிக்கச் சேனைக்கு வந்த ‘மாலி’ பையின் சட்டத்தில் ஆலிஸ் பையை ஏற்றிக் கட்டுவது லாபமா நஷ்டமா என்பவற்றை அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் கடைக்குப் போகிற அன்பர்கள் பையைக் கழற்றிச் சட்டத்தை மட்டும் கண்ணுக்கு நேரே பிடித்து, இரண்டு பக்கக் குழாய்களும் ஒரே வளைவில் இருக்கின்றனவா, ரிவெட்டுகளில் ஆட்டம் உண்டா என்று பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.