வால்வுக்கு வழிகாட்டும் கம்பி அழுத்தமும் அளக்கிறது

வயது 70-ஐத் தாண்டிய உங்கள் தந்தையோ பாட்டியோ நாலு படி ஏறியதும் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறாரா? முதுமைதானே என்று விட்டுவிடாதீர்கள். பெருந்தமனி வால்வு சுருங்கியிருக்கலாம். இதயத்தின் இடது கீழறையிலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலில் உள்ள கதவு அது. வயது ஏற ஏற அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து விறைத்துப்போகிறது.

வால்வு நன்றாகத் திறந்தால், இதயம் சுருங்கும்போது கீழறையிலும் பெருந்தமனியிலும் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். சுருங்கிய வால்வில் கீழறை அழுத்தம் எகிறுகிறது. சராசரி வேறுபாடு 40 மில்லிமீட்டர் பாதரசத்தை எட்டினால் அது கடுமையான சுருக்கம்.

முன்பு நெஞ்செலும்பை அறுத்துத்தான் வால்வை மாற்றினார்கள். 2002 ஏப்ரலில் பிரான்சின் ரூவான் நகரில் டாக்டர் அலேன் கிரிபியே, அறுவை சிகிச்சையைத் தாங்க முடியாத 57 வயது நோயாளிக்கு ரத்தக்குழாய் வழியாகவே வால்வைப் பொருத்தினார். ‘டாவி’ எனப்படும் அந்த முறை இன்று உலகெங்கும் நடக்கிறது.

இதில் பெரும்பாலும் தொடை இடுக்குத் தமனி வழியாக, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள கம்பி கீழறை வரை செல்கிறது. மடக்கிய குடைபோல் இருக்கும் புது வால்வு அந்தக் கம்பியைப் பற்றிக்கொண்டே மேலேறுகிறது. இதயச் சுவரைக் குத்திவிடாதபடி கம்பியின் நுனி சுருண்டிருக்கும்.

வால்வை விரிக்கும் சில நொடிகளில் ரத்த வேகம் அதைத் தள்ளிவிடக் கூடாது. அதனால் மின்துடிப்பு கொடுத்து, இதயத்தை நிமிடத்திற்குச் சுமார் 180 முறை துடிக்க வைக்கிறார்கள். ரத்தம் பாய்வது குறைந்துவிடும். வழக்கமாக இதற்கு இன்னொரு கம்பி, சிரை வழியாக வலது கீழறைக்குப் போகும். அங்கே சுவர் மெல்லியது. துளைபடும் அபாயம் உண்டு. அழுத்தத்தை அளக்கவோ திரவம் நிரப்பிய தனிக் குழாய் வேண்டும். அதில் சிறு காற்றுக்குமிழி புகுந்தாலும் அளவு பிசகும்.

கனடாவின் கியூபெக் நகரில் இயங்கிய ஓப்சென்ஸ் நிறுவனம் இந்த மூன்று வேலைகளையும் ஒரே கம்பியில் அடக்கியது. சேவிவயர் என்பது அதன் பெயர். அமெரிக்க எஃப்டிஏ 2022 செப்டம்பரில் அனுமதி அளித்தது.

மின்துடிப்பைக் கடத்தும் கம்பியே எப்படி அழுத்தத்தையும் அளக்கிறது? மின்சார உணரியாக இருந்தால் குழம்பிப்போகும். இங்கே அளப்பது ஒளி. கம்பிக்குள் ஓடும் கண்ணாடி இழையின் முனையில் ஒரு நுண்ணறை. அதன் ஒரு பக்கம் மெல்லிய சவ்வு. ரத்தம் அழுத்தினால் சவ்வு வளையும், அறையின் நீளம் மாறும், திரும்பி வரும் ஒளியும் மாறும். அந்த மாற்றமே திரையில் எண்ணாகிறது. மின்சாரம் ஒளியைத் தொந்தரவு செய்வதில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பலன் தெரிவது வால்வு விரிந்த பிறகு. விளிம்பில் கசிவு இருந்தால், இதயம் தளரும் வேளையில் பெருந்தமனி அழுத்தம் இறங்கும், கீழறை அழுத்தம் ஏறும், இரண்டும் நெருங்கும். கீழறையின் அளவைக் கம்பியும், பெருந்தமனியின் அளவை அங்குள்ள குழாயும் உடனுக்குடன் சொல்கின்றன. கம்பி உள்ளே இருக்கும்போதே தெரிந்தால், பலூனை மீண்டும் விரித்துச் சரிசெய்யலாம். உருவிய பின் தெரிந்தால், புது வால்வை மறுபடியும் கடந்து போக வேண்டும்.

ஒரு குறை உண்டு. கம்பியை எடுத்ததும் மின்துடிப்பும் நின்றுவிடும். வால்வுக்கு அருகில்தான் இதயத்தின் மின்பாதை ஓடுகிறது. புது வால்வு அதை அழுத்தித் துடிப்பைத் தடுக்கலாம். அத்தகைய நோயாளிகளுக்குச் சிரை வழிக் கம்பி இன்றும் தேவைப்படுகிறது. சிலருக்கு நிரந்தர பேஸ்மேக்கரே பொருத்த வேண்டியிருக்கும்.