லாரிக்காரனைக் காட்டினார்கள், சரக்குக்காரன் எங்கே?

போதைச் சரக்குக் கும்பலைப் பற்றிய படமென்றால் வெட்டும் குத்தும் வெடியும் வெறியுந்தானே என்று முகம் சுளித்து ஒதுக்குவோர் உண்டு. 2019 தீபாவளிக்கு வந்த 'கைதி'யை அப்படி ஒதுக்கிவிட இயலாது.

பாட்டு இல்லை. காதல் இல்லை. கதாநாயகியே இல்லை! ஒரே இரவு, அந்த இரவைக் கிழித்துக்கொண்டு ஓடும் ஒரு லாரி. பத்தாண்டுச் சிறைவாசம் முடித்து, பிறந்தது முதல் கண்டிராத மகளைக் காணப் புறப்பட்ட டில்லி அதை ஓட்டுகிறான். பின்னால் கிடப்போர் யார்? மதுவில் கலந்த மருந்தால் மயங்கிச் சாய்ந்த போலீஸ் அதிகாரிகள்! அதிகாரம் மூட்டையாய்க் கிடக்க, அகப்பட்டவன் சக்கரம் பிடிக்கிறான். நடுவே பிரியாணியை அள்ளி அள்ளி அவன் உண்ணும் காட்சி ஒன்று. சிறைச் சோறு தின்றவனின் பசியை வசனமே இல்லாமல் சொல்லிவிட்டார் கார்த்தி.

அங்கே திருச்சி கமிஷனர் அலுவலகத்தில் நெப்போலியன் என்றொரு கான்ஸ்டபிள். பெயர்தான் நெப்போலியன், படையோ, லாக்கப்பில் இருந்த கல்லூரி மாணவர் சிலர்! கதவை அடைத்து, மேசையை அடுக்கி, விடியும்வரை அவர் காக்கிறார். ஜார்ஜ் மரியானை அதுவரை சிரிப்புக்கு மட்டுமே பயன்படுத்திய படவுலகம் வெட்கப்பட வேண்டும். லாரி ஓட்டுபவனையும் கடைசிப் படிக் காவலரையும் கதையின் முதுகெலும்பாக்கிய இயக்குநர் லோகேஷ் கனகராஜைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால்?

900 கிலோ கொக்கைன் என்கிறார்கள். அனுப்பியவன் யார், வாங்கக் காத்திருப்பவன் யார், அதனால் அழிந்த குடும்பம் எது? சொல்லவில்லை. அதைத் தின்று உருக்குலைந்த இளைஞன் ஒருவனையாவது கண்முன் நிறுத்தவில்லை. கொக்கைனுக்குப் பதில் தங்கக்கட்டி என்று மாற்றிப் பாருங்கள், கதையில் ஒரு காட்சிகூட மாறாது! போதையைப் பற்றிய படத்தில் போதையே இல்லை.

வ.உ.சி. பிறந்த ஓட்டப்பிடாரத்தில் இருப்பவனை இந்தக் கேள்வி எளிதில் விடாது. அவர் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட அதே தூத்துக்குடித் துறையில், 2021 ஏப்ரலில், மரக்கட்டை ஏற்றிவந்த கன்டெய்னர் ஒன்றை வருவாய்ப் புலனாய்வுத் துறையினர் திறந்தார்கள். உள்ளே 300 கிலோவுக்கு மேல் கொக்கைன்! கடல் பல கடந்து, கொழும்பு வழியாக வந்த சரக்கு. அரிவாள் தூக்கியவன் எவனும் அதனுடன் வரவில்லை. வந்தவை காகிதம், முத்திரை, கையெழுத்து. துறைமுகத்துக்கு லாரி ஓட்டும் தோழனுக்கு இது தெரியும்: பூட்டிய கன்டெய்னரின் உள்ளே இருப்பது அவன் அறியாதது, ஆயினும் வழியில் மறிக்கப்படுபவன் அவனே.

படமோ தலைமுடி வளர்த்த முரடர்களைக் காட்டி, இவர்கள்தாம் கும்பல் என்று முடித்துவிடுகிறது. இறுதியில் யந்திரத் துப்பாக்கி முழங்குகிறது; கொட்டகை கைதட்டுகிறது. விழுந்தவர்கள் எத்தனை பேர்? எண்ண முடியவில்லை. ஒருவனுக்கும் பெயரில்லை, ஊரில்லை. காசுக்கு அரிவாள் தூக்கிய அவனும் எவளோ ஒரு தாயின் மகனன்றோ! டில்லியின் மகளுக்காக நம்மைக் கண்கலங்க வைத்த கதாசிரியருக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க நேரமில்லை.

2022இல் 'விக்ரம்' வந்தது. சரக்குக்குச் சொந்தக்காரன் இதோ என்று கடைசி நிமிடங்களில் ரோலக்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சூர்யா மிரட்டினார், மறுக்கவில்லை. அவன் உடையிலும் இரத்தம். கணக்குப் புத்தகத்தோடு ஒருவனும் வரவில்லை.