நீச்சல்குளத்துக்கு நாலு பக்கமும் வேலி

தண்ணீரில் மூழ்கும் குழந்தை அலறும், கையை ஆட்டும், தண்ணீரை அடித்துக்கொண்டு தத்தளிக்கும் என்று சினிமா பார்த்து நம்பியிருக்கிறோம். நிஜத்தில் பெரும்பாலும் ஒரு சத்தமும் வராது. நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த பிராங்க் பியா, மூழ்குகிறவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்து இதற்கான காரணத்தை விளக்கினார். குரல் எழ வேண்டுமானால் முதலில் மூச்சு வேண்டும். வாய் மேலே வரும் அந்த ஒரு கணம், மூச்சை விட்டு இழுப்பதற்கே சரியாகப் போய்விடும். கைகள் தாமாகவே பக்கவாட்டில் விரிந்து தண்ணீரை அழுத்துகின்றன. அவற்றை உயர்த்தி உதவி கேட்க முடியாது. இந்தப் போராட்டம் 20 முதல் 60 விநாடிகளில் முடிந்துவிடும். அதிலும் ஒன்றிரண்டு வயதுக் குழந்தைக்கு உடல் அளவோடு பார்த்தால் தலை பெரியது, கனமானது. பந்தை எட்டி எடுக்கக் குனிந்தாலே தலைகுப்புறப் போய்விடும்.

அடுப்பில் பால் பொங்குகிறது, வாசலில் கூரியர்காரர் கூப்பிடுகிறார். ஒரு நிமிடம் போய்விட்டது. எந்தத் தாய் தகப்பனையும் இதற்காகக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் கண் விலகும் அந்த நிமிடத்திலும் காவல் காக்க ஏதாவது ஒன்று இருந்தே ஆக வேண்டும்.

அது வேலிதான். கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ கோவைப் பக்கமோ நீச்சல்குளத்தோடு வீடு கட்டுகிறவர்கள், சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர் இருக்கிறதே என்று நிம்மதி அடையக் கூடாது. அந்தச் சுவர் தெருவிலிருந்து வருபவரைத் தடுக்கும். வீட்டுக் குழந்தையோ ஹால் கதவு வழியாக அல்லவா வருகிறது! வீட்டையும் குளத்தையும் பிரிக்கும் நாலாவது பக்கத்தையும் அடைத்தால், மூன்று பக்க வேலியோடு ஒப்பிடும்போது குழந்தை மூழ்கும் ஆபத்து 83 சதவீதம் குறைகிறது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது.

வேலி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஆஸ்திரேலிய விதிகள் நல்ல வழிகாட்டி. குறைந்தது 1.2 மீட்டர் உயரம். கம்பிகளுக்கு நடுவிலும் அடியிலும் 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கேட் குளத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்க வேண்டும். கையை எடுத்ததும் தானே மூடி, தானே தாழ் விழ வேண்டும். விருந்தினர் வரும் நாளில் அந்தக் கேட்டுக்கு ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்தால், வேலிக்குச் செலவழித்த பணம் அத்தனையும் வீண். பக்கத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலியும் பூந்தொட்டியும்கூடக் குழந்தைக்கு ஏணிதான்.

பிரான்சில் 2003-இல் வந்த சட்டம், தரையில் அமைத்த தனியார் குளங்களுக்கு வேலி, அலாரம், மூடி, கூரை ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைக் கட்டாயமாக்கியது. இவற்றில் தண்ணீருக்குள் வைக்கும் அலாரத்தை நான் கடைசியில்தான் வைப்பேன். குழந்தை விழுந்த பிறகுதானே அது அலறும்.

வீட்டு நாய்க்கும் குளம் ஆபத்துதான். நாய்க்கு நீந்தத் தெரியுமே என்பார்கள். தெரியும், ஆனால் வழுக்கும் டைல்ஸ் சுவரில் ஏறத் தெரியாது. படிக்கட்டு எதிர் மூலையில் இருந்தாலும், விழுந்த இடத்துக்கே திரும்பி வந்து விளிம்பைப் பிறாண்டிப் பிறாண்டிக் களைத்துப்போகும். படிக்கட்டு எங்கே என்று நாயைத் தண்ணீரில் இறக்கித் திரும்பத் திரும்பப் பழக்குங்கள். சரிவுப் பலகை ஒன்றும் பொருத்தலாம். குட்டைக் காலும் கனத்த மார்பும் உள்ள புல்டாக், பக் வகைகளுக்கு நீச்சல் சரியாக வராது. அவற்றுக்கு மிதவை அங்கி தேவை. தண்ணீர்மேல் சும்மா மிதக்கும் குமிழ் ஷீட்டை மூடி என்று நம்பவே கூடாது. தரை என்று நினைத்துக் காலை வைக்கும் நாயோ குழந்தையோ அதனடியில் சிக்கினால் வெளியே தெரியாது.

குளத்தின் அடியில் இருக்கும் வடிகால் மூடியையும் பாருங்கள். அது உடைந்திருந்தால் பம்பின் உறிஞ்சும் விசை முடியையோ கையையோ இழுத்துப் பிடித்துக்கொள்ளும். முன்னாள் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் 7 வயதுப் பேத்தி 2002-இல் வடிகால் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டதில்தான் இறந்தாள். பாதுகாப்பான மூடியைப் பொதுக்குளங்களில் கட்டாயமாக்கி 2007-இல் அங்கே சட்டம் வந்தது.

கடைசியாக ஒன்று. தூக்கியெடுத்த குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். வாந்தி நுரையீரலுக்குள் போகும்; நேரமும் போகும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள், பிறகு நெஞ்சை அழுத்துங்கள். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். சில நிமிடங்கள் ஆக்சிஜன் இல்லாவிட்டாலே மூளை பழுதாகத் தொடங்கும். வீட்டில் குளம் வைத்திருக்கும் குடும்பத்தில் பெரியவர்கள் எல்லாரும், வேலைக்கு வருகிறவர்கள் உட்பட, இந்த முதலுதவியை முறையாகப் பயின்றுகொள்ளுங்கள்.