எழுத்தைப் பெரிதாக்கினால் ரகசியம் நம்மிடமே இருக்கும்

காவேரிப்பாக்கத்தில் தொடங்கி ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று நெடுஞ்சாலையை ஒட்டிப் போகும் இந்தத் தோல், ஷூ தொழில் வட்டாரத்தில், கண்ணை நம்பிப் பிழைக்கிறவர்கள் அதிகம். தோலில் மெல்லிய கீறல் இருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். ஷூவின் மேற்பாகத்தைத் தைக்கிற பெண்ணுக்கு ஊசி இறங்கும் இடத்தை விட்டுப் பார்வை நகரக் கூடாது. நாற்பதைத் தாண்டியதும் இவர்களுக்கும் வெள்ளெழுத்து வருகிறது. கம்பெனியில் நல்ல வெளிச்சமும் கண்ணாடியும் இருந்தால் வேலையைச் சமாளித்துவிடலாம். ஆனால் போனில் வரும் இணையதளங்களைச் சமாளிக்க முடிவதில்லை.

பிஎப் இருப்பு, பட்டா, பிள்ளையின் கல்வி உதவித்தொகை எல்லாமே இப்போது இணையத்தில்தான். பக்கத்தைத் திறந்தால் எழுத்து கடுகு கடுகாக இருக்கிறது. உடனே போன் மகனிடமோ பக்கத்து வீட்டுப் பையனிடமோ பிரவுசிங் சென்டர்காரரிடமோ போகிறது. கூடவே பாஸ்வேர்டும் ஓடிபியும் போகின்றன. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. படிக்கத் தெரிந்த ஒருவர், எழுத்து சின்னதாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தன் பண விவரத்தை அடுத்தவர் கையில் கொடுப்பது எனக்குப் பொறுக்கவில்லை. இதற்கான தீர்வு அதே போனுக்குள் இலவசமாக இருக்கிறது.

ஆண்ட்ராய்டு போனில் குரோம் பிரவுசரைத் திறந்து, மூன்று புள்ளிகளைத் தொட்டு, ‘செட்டிங்ஸ்’ போய் ‘அக்சஸிபிலிட்டி’யைத் திறங்கள். மேலேயே இருக்கும் ஜூம் அளவை 130 அல்லது 150 சதவீதத்துக்குத் தள்ளுங்கள். இனி எந்த இணையதளத்தைத் திறந்தாலும் அந்த அளவில்தான் வரும். அரசு இணையதளங்களின் தலைப்பில் எழுத்தைப் பெரிதாக்கும் ‘A’ பொத்தான்களைப் பார்த்திருப்பீர்கள். அவை அந்த ஒரு தளத்தை மட்டும்தான் மாற்றும்.

குரோமின் அதே ‘அக்சஸிபிலிட்டி’ பக்கத்தில் ‘ஃபோர்ஸ் எனேபிள் ஜூம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். இரண்டு விரலால் விரித்தாலும் பெரிதாகாதபடி சில தளங்கள் பூட்டு போட்டிருக்கின்றன. அந்தப் பூட்டைத் திறப்பது இதுதான். அவசியம் டிக் செய்யுங்கள். பெரிதாக்கியதால் ஏதாவது ஒரு தளத்தில் பொத்தான் திரைக்கு வெளியே ஓடிவிட்டால், போனைப் படுக்கை வசமாகத் திருப்பிப் பாருங்கள். ஐபோனில் சஃபாரியின் முகவரிப் பட்டை ஓரமாக உள்ள மெனுவில் எழுத்தைப் பெரிதாக்கும் வசதி உண்டு.

தமிழ் படிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ‘பட்டம்’ என்ற சொல்லில் புள்ளி மங்கினால் படிப்பே தடுமாறும். ‘எ’வையும் ‘ஏ’யையும் ஒரு சின்னக் கோடும், ‘ன’வையும் ‘ண’வையும் ஒரு சுழியும்தான் பிரிக்கின்றன. ஆங்கில எழுத்துக்குப் போதுகிற அளவு நமக்குப் போதாது. கணினியில் ஃபயர்பாக்ஸ் வைத்திருப்பவர்கள், எழுத்துரு அமைப்பின் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் தமிழைத் தேர்ந்தெடுத்து, தமிழுக்கென்றே தனி எழுத்துருவும் குறைந்தபட்ச அளவும் வைத்துக்கொள்ளலாம். அதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால் கண்ட்ரோலும் பிளஸ்ஸும் சேர்த்து அழுத்தினாலே பக்கம் பெரிதாகும். கண்ட்ரோலும் பூஜ்யமும் அழுத்தினால் பழைய அளவுக்கு வந்துவிடும்.

கண்புரை உள்ளவர்களுக்கு வெள்ளைத் திரை கூசும். கறுப்புப் பின்னணி கொண்ட ‘டார்க்’ அமைப்பு அவர்களுக்கு இதம். வேறு சிலருக்கு அதிலேயே எழுத்து கலங்கித் தெரியும். இரண்டையும் பார்த்து முடிவு செய்யுங்கள். படிப்பதே சிரமம் என்றால் கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் எட்ஜ் பிரவுசரின் ‘ரீட் அலவுட்’ வசதி தமிழ்ப் பக்கத்தைத் தமிழிலேயே வாசிக்கும். அந்தக் குரல்களுக்குப் பல்லவி, வள்ளுவர் என்று பெயர். முற்றிலும் பார்வையற்றவர்களுக்கு, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ‘டாக்பேக்’ திரைவாசிப்பான் ஆண்ட்ராய்டில் இருக்கிறது. விண்டோஸ் கணினிக்கு, ஆஸ்திரேலியாவின் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கர்ரன் 2006-ல் தொடங்கிய ‘என்விடிஏ’ இலவசமாகக் கிடைக்கிறது. கூகுளின் ‘குரோம்வாக்ஸ்’ திரைவாசிப்பானை உருவாக்கியவர்களில் ஒருவரான டி.வி. ராமன், பதினான்கு வயதில் பார்வை இழந்தவர்.

இத்தனை செய்தும் முட்டுகிற இடங்கள் உண்டு. கோணல் மாணலாக எழுத்தைக் காட்டித் தட்டச்சு செய்யச் சொல்லும் கேப்சாவை எவ்வளவு பெரிதாக்கினாலும் கோணல் பெரிதாகுமே தவிர நேராகாது. ஸ்கேன் செய்து படமாக ஏற்றிய அரசாணை முன்னால் திரைவாசிப்பான் ஊமையாகிவிடும். பழைய எழுத்துருவில் அடித்த தமிழ் ஆவணத்தை வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வாசிக்கும். யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்ட பிறகும் இப்படி ஆவணங்கள் வருவதற்கு நியாயமே இல்லை. இதைப் பயனாளி எந்த செட்டிங்கிலும் சரி செய்ய முடியாது. தளத்தை நடத்துகிறவர்தான் செய்ய வேண்டும்.

அது சலுகை அல்ல, சட்டம். மின்னணுத் தகவல்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும், 200 சதவீதம் பெரிதாக்கினாலும் பக்கம் உடையக் கூடாது என்பவை உலக அளவில் ஏற்கப்பட்ட விதிகள். வங்கிக் கணக்குக்குக் கண் சிமிட்டிக் காட்டச் சொன்ன மின்னணு சரிபார்ப்பை, ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தவர்களால் முடிக்க முடியவில்லை. அந்த வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் சேவையை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. படிக்க முடியாத அரசுத் தளத்தைப் பற்றிப் புகார் எழுதும்போது இந்தத் தீர்ப்பைத் தேதியோடு குறிப்பிடுங்கள்.

பார்வை திடீரென்று குறைந்தால் செட்டிங்கை நம்பிக்கொண்டிருக்காமல் முதலில் கண் மருத்துவரைப் பாருங்கள். மற்றபடி, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் அம்மாவிடமோ அத்தையிடமோ பத்து நிமிடம் உட்காருங்கள். போனை வாங்கி நீங்களே மாற்றிவிடாதீர்கள். எந்த அளவு அவர் கண்ணுக்கு ஏற்றது என்று கேட்டு, அவர் விரலாலேயே நகர்த்தச் சொல்லுங்கள். பிஎப் பாஸ்வேர்டை அவரே தட்டட்டும். அப்போது நீங்கள் வேறு பக்கம் பாருங்கள்.