பற்பசைக் கம்பெனியின் பங்கு வாங்கலாமா?

சின்னாளபட்டி நெசவாள அங்கத்தினர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு யோசனை கேட்டார். மகளின் திருமணத்திற்கென்று சேர்த்த தொகையில் ஒரு பகுதியை, சிறிய பற்பசைக் கம்பெனி ஒன்றின் பங்குகளில் போட விரும்புகிறார். பங்கின் விலை மலிவு. பல் துலக்காத மனிதரும் இல்லை. ஆகவே நஷ்டம் வர வழியில்லை என்பது அவருடைய வாதம்.

எல்லோரும் வாங்கும் சரக்கு என்பது மெய்தான். அதனாலேயே பெரிய ஸ்தாபனங்கள் அங்கே முன்னதாக இடம் பிடித்திருக்கின்றன. கால்கேட் பாமாலிவ் இந்தியாவில் கம்பெனி அமைத்தது 1937-இல். சிபாக்கா என்னும் பெயரை அது 1994-இல் 131 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. பிராமிஸ், பபூல், மெஸ்வாக் பற்பசைகளை விற்றுவந்த பல்சாரா நிறுவனங்களை 2005-இல் டாபர் 143 கோடி ரூபாய்க்கு எடுத்துக்கொண்டது. இவ்வளவு பணமும் முக்கியமாக எதற்குக் கொடுக்கப்பட்டது? இயந்திரத்திற்கன்று, மக்கள் நாவில் பழகிய பெயருக்கே. நெய்தவரைவிட முத்திரை குத்தியவருக்கு மிகுதி கிடைப்பதை நம் நெசவாளர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

சிறிய கம்பெனிகளில் சில, பிறர் முத்திரைக்காகவே சரக்குச் செய்து கொடுப்பவை. 2006-இல் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்ட ஜே.எச்.எஸ். ஸ்வெண்ட்கார்டு என்ற கம்பெனி இமாசலப் பிரதேசத்துக் காலா அம்பில் ஆலை வைத்து, பல் துலக்கும் பிரஷும் பற்பசையும் இம்முறையில் செய்து வளர்ந்தது. இது குற்றமன்று. ஆனால் பாவும் ஊடையும் கொடுக்கும் முதலாளி ஒருவரையே நம்பிய தறியின் நிலை எப்படிப்பட்டதென்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் வேறிடம் போனால் தறி நிற்கும். வாங்கிய கடனுக்கு வட்டி நிற்காது.

ஆகவே ஆண்டறிக்கையைக் கையில் எடுத்ததும், சரக்கில் எவ்வளவு பங்கு ஒரே ஒருவருக்குப் போகிறது என்று தேடுக. அடுத்து, இலாபக் கணக்கைப் பார்க்குமுன் ரொக்க வரவுக் கணக்கைப் பார்க்கவும். ஆண்டுதோறும் இலாபம் எழுதப்பட்டு, வரவேண்டிய பாக்கி மட்டும் பெருகிக்கொண்டே போனால் அந்த இலாபம் காகிதத்தில் இருக்கிறதென்று பொருள். நிர்வாகிகள் தங்கள் பங்குகளை அடகு வைத்திருக்கிறார்களா, உறவினர் கம்பெனிகளுக்குக் கடன் கொடுத்திருக்கிறார்களா என்பனவற்றையும் பார்க்க வேண்டும். தணிக்கையாளரின் குறிப்பைப் பலர் புரட்டிவிடுகிறார்கள். நாம் அதை முதலில் வாசிக்கும் வழக்கமுள்ளவர்கள்.

பங்கு பத்து ரூபாய் என்பதால் மலிவென்று கொள்வது வீண். மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால்தான் கம்பெனியின் விலை தெரியும். விற்கும் தொல்லை வேறு. சிறு கம்பெனியில் விலை சரியத் தொடங்கினால், அன்றைய வரம்பு வரை இறங்கி, வாங்குவோரின்றி நாட்கணக்கில் நிற்பதுண்டு. ஒட்டன்சத்திரத்தில் தக்காளி மூட்டையுடன் நின்றவர் அறிவார். அங்கேனும் மாலைக்குள் ஏதோ ஒரு விலை கிடைத்துவிடும்.

நம் சங்கப் பங்கு விலை ஏறுவதில்லை என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். உண்மையே. ஆனால் பொதுக்கூட்டத்தில் அவருக்கும் தலைவருக்கும் வாக்கு ஒன்றே. கம்பெனியில் பங்குக்கொரு வாக்கு. நூறு பங்குக்காரரின் குரல் எவர் காதிலும் விழாது.

திருமணம் தை மாதத்தில். அத்தொகையைத் தொட வேண்டாமென்று சொன்னோம். பருத்தி விற்றதில் தம்பி கொடுத்த சிறு தொகை ஒன்று தனியே இருக்கிறதாம். அதை வைத்து என்ன செய்வதென்று, அறிக்கையுடன் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.